ஆள்காட்டிக் குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவதில்லை

தம்பி, இதை நீ மேலே வீட்டுக்குப் போகாமல், கீழே காரை நிறுத்தி ஏசியை ஓடவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே படிப்பாய் என்று நினைக்கிறேன். போன சனிக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாய். அபுதாபி பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்களைக் கூட்டிவந்து பில்டிங் வாசலில் விட்டுவிட்டு, "நீங்க மேல போங்கப்பா, ஒரு ஆபீஸ் கால் பேசிட்டு வந்துர்றேன்" என்றாய். நான் உன் வீட்டுப் பால்கனியில் நின்று பார்த்தேன். இருபது நிமிஷம். போன் உன் காதில் இல்லை, கையிலும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே உன் பெண் வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள், நந்தினி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அன்றைக்குத் தொற்றிக்கொண்டது எனக்கு. இன்றைக்குச் செவ்வாய். மூன்று நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, சோறு இறங்கவில்லை. "என்னங்க இது, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திச் சுத்தி வர்றீங்க" என்று உன் அம்மா கேட்டுவிட்டாள்.

முசஃபாவைத் தாண்டி எங்கள் கம்பெனி நர்சரி இருக்கிறதே, அதன் பம்ப் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எந்தச் செடிக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டோம் என்று குறிக்கிற படிவத்தின் பின்பக்கம்தான் காகிதம், முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், நந்தினி பக்கத்தில் இருப்பாள். அவள் இதை உன் வாயால்தான் கேட்க வேண்டும், என் வாயால் கேட்கக் கூடாது. அதுவும் தவிர, உன் குரலைக் கேட்டால் நான் "சாப்ட்டியா, டூட்டி எப்படிப் போகுது" என்று கேட்டு வைத்துவிடுவேன். நீயும் "போகுதுப்பா" என்பாய். இத்தனை வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். நடுவில் ஒருதரம் எழுந்துபோய் மூன்றாம் நம்பர் வால்வைத் திறந்துவிட்டு வந்தேன். இனி எழுந்திருக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. சனிக்கிழமை வரும் வழியில் உன்னிடம் டிஷ்யூ கேட்டேன். "முன்னாடி டப்பாவுல இருக்கும் பாருங்கப்பா" என்று நீதான் சொன்னாய். டிஷ்யூவுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். திறந்திருக்கக் கூடாதுதான், கை சும்மா இருக்கவில்லை, திறந்துவிட்டேன். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் காப்பி, உன் சேலரி சர்டிபிகேட், வாடகைப் பத்திரம், வெள்ளைத் துணியில் படுக்கவைத்து அரைக்கண் மூடியபடி எடுத்த நாலு போட்டோ. எல்லாம் கிளிப் போட்டு ஒழுங்காக இருந்தது. குழந்தைக்கு விசா அடிக்க இதற்கு மேல் ஒரு காகிதம் தேவையில்லை. உன் கம்பெனி முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தேன், இரண்டு மாதம் பழசு. நீ சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கவரை இருந்த மாதிரியே வைத்து, டிஷ்யூவை எடுத்து, வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நீ வீட்டில் சொல்லியிருப்பது வேறு. ஆபீஸில் விசா வேலை பார்க்கிற பி.ஆர்.ஓ. இழுத்தடிக்கிறான், பாப்பாவுக்கு இப்போதைக்கு விசா ஆகாது, கெடு தாண்டினால் ஃபைன் விழும், அதனால் நந்தினியும் பாப்பாவும் இந்த வியாழக்கிழமை திருச்சிக்குப் போகட்டும், அப்புறம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று. டிக்கெட்டும் போட்டாயிற்று. டேய், முப்பத்தைந்து வருஷமாக இந்த நாட்டில் விசா அடித்து, ரினியூ செய்து, பத்துப் பேருக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்தவனிடமா இந்தக் கதை? உன் பெண்டாட்டி பிள்ளைக்கு ஸ்பான்சர் நீ. உன் பில்டிங்குக்குக் கீழேயே, கஃபட்டீரியாவுக்கும் தையல்கடைக்கும் நடுவில், விசா ஃபாரம் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர் இருக்கிறது. அந்தக் கவரை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினால் போதும். நீ இறங்கவில்லை. விசா கிடைக்காதவனின் முகம் எனக்குத் தெரியும். விசா கேட்காதவனின் முகமும் தெரியும், அது எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதத்தையும் வீணடிக்கிறேன்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் நந்தினி என்னைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். ஏசியின் வெளிப்பெட்டிமேல் நாலு சுள்ளியை வைத்து ஒரு புறா அடைகாத்துக்கொண்டிருந்தது. "காலைல ஒண்ணு வந்து உக்காருது மாமா, சாயங்காலம் இன்னொண்ணு வந்து அதை எழுப்பிவிட்டுட்டு உக்காருது. டூட்டி மாத்தற மாதிரி கரெக்டா வருதுங்க" என்றாள். நீ பின்னாலிருந்து, "அதுங்களுக்கு வேற என்ன வேலை" என்றாய். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்து, "நமக்கு மட்டும் இதைவிட என்ன வேலையாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் உன் அம்மா உடனே சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நீ தயிர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாய். ஃபிரிட்ஜில் இரண்டு டப்பா தயிர் இருந்தது.

நீ போனதும் அந்தப் பெண் சொன்னாள்: "பாப்பா சோஃபாலேர்ந்து நழுவி விழுந்தாள்ல மாமா, அன்னிலேர்ந்து இவரு தூக்கறதே இல்ல. கார்ப்பெட்லதான் விழுந்தா, ஒண்ணும் ஆகல, டாக்டரும் பாத்துட்டு சிரிச்சிட்டாரு. நான்தான் அந்தப் பதட்டத்துல 'ஒரு நிமிஷம் பாத்துக்க முடியாதா'ன்னு கத்திட்டேன். அதுக்கு இவ்வளவா?" கொஞ்ச நேரம் பாப்பாவின் காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போக எனக்கு இஷ்டமே இல்ல. ஆனா விசா கிடைக்கலன்னா இவருதான் என்ன பண்ணுவாரு, பாவம்." பாவம் என்றாள், தம்பி. உன்னை நம்புகிறாள். பாப்பாவை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஒரு நிமிஷத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன், முதுமை என்று அவள் நினைத்திருப்பாள்.

இனி என் கதை. நீ வயிற்றில் இருக்கும்போது விசா வந்து கிளம்பியவன் நான். உனக்குப் பத்து மாதம் ஆனபோதுதான் முதல் லீவில் பெரம்பலூர் வந்தேன். வந்த மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல். உன் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள், நீ என் மடியில் இருந்தாய். திடீரென்று உன் கண் மேலே செருகியது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. காய்ச்சல் வலிப்பு என்று இப்போது பெயர் சொல்லத் தெரிகிறது. அப்போது நீ செத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த உன் அம்மாவின் கையில் உன்னைத் திணித்து, "ஆட்டோ கூட்டியாறேன்" என்று ஓடினேன். தெருமுனையிலேயே ஆட்டோ நின்றிருந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்த்து, "என்னண்ணே, ஏறுங்க, எங்க போவணும்" என்று கேட்டான். நான் ஏறவில்லை. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போனால் நீ இருக்கமாட்டாய் என்று தோன்றியது, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எழுந்து போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மொபெட்டில், உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் கேட்டபோது ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன்.

லீவு முடிந்து திரும்பி வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. கேம்ப்பில் ஆறு பேர் ஒரு ரூம். யாரும் என் மடியில் எதையும் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள். பம்ப் ரிப்பேரானால் பார்ட் மாற்றலாம், குழாய் உடைந்தால் வால்வை மூடலாம், எனக்குத் தெரிந்த வேலை. உனக்கு நாலு வயதாகும்போது சூப்பர்வைசர் ஆனேன். ஆபீஸில் கூப்பிட்டு, "ஃபேமிலியைக் கூட்டி வர்றியா, பேப்பர் குடுக்கறோம்" என்று அவர்களாகவே கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்றைக்கே டெலிபோன் பூத்துக்குப் போய் உன் அம்மாவிடம், "கேட்டுப் பாத்துட்டேன், குடுக்க மாட்டேங்கறாங்க. கஃபீல் கையெழுத்துப் போடல" என்று சொன்னேன். அந்த கஃபீலுக்கு, கம்பெனியின் அரபு முதலாளிக்கு, என் பெயர்கூடத் தெரியாது. இரண்டு வருஷம் அவர் கையெழுத்துப் போடாமலே இருந்தார். அப்புறமாவது மனம் மாறிக் கூப்பிட்டேன் என்று நினைத்துவிடாதே. சூப்பர்வைசர்கள் கேம்ப்பைக் காலி செய்து வெளியே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சொல்வதற்குச் சாக்கு தீர்ந்துபோயிற்று.

ஆறு வயதில் நீ வந்து இறங்கினாய். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, வந்த புதிதில் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அனுமதி கேட்பாய். "அப்பா, தண்ணி குடிச்சுக்கட்டுமா?" "அப்பா, ஃபேன் போட்டுக்கட்டுமா?" சோபாவில் நுனியில்தான் உட்காருவாய். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிற கூட்டாளிகளிடம், இவன் அம்மா எவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறாள் பாருங்கள் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். விருந்தாளிப் பிள்ளைதான் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மோட்டார் சத்தம் மாறியது, எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. வருகிற வழியில் அந்தக் குருவிகளையும் பார்த்துவிட்டு வந்தேன். ஆமாம், குருவி. அப்பனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்காதே, இது நீ தெரிந்துகொள்ள வேண்டியது. போன மாதம் பம்ப் ரூமுக்குப் பக்கத்துச் சரளைக்கல்லில் ஒரு ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை வைத்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது, கல்லுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளம். முட்டையும் கல் நிறம். இங்கே பம்ப் பார்த்துக்கொள்கிற ரஃபீக், பங்களாதேஷ்காரன், தள்ளுவண்டியை அதன்மேல் ஏற்றப் போய் அது போட்ட கூச்சலில்தான் நின்றான். அதன் பிறகு நாங்கள் சுற்றி நாலு ஆரஞ்சு கோன் வைத்து டேப் கட்டினோம். அப்படியும் யார் அந்தப் பக்கம் போனாலும் தலைக்குமேல் வந்து கத்தித் தீர்த்துவிடும். ஜோடியாக இரண்டு இருந்தன. ஒன்று உட்கார்ந்தால் மற்றொன்று காவல் நிற்கும், அப்புறம் மாற்றிக்கொள்ளும். இதில் எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிக்க நான் ஒரு மாதமாகப் பார்க்கிறேன். இரண்டுக்கும் ஒரே உடை, ஒரே குரல், ஒரே வேலை. இன்றுவரை முடியவில்லை.

பக்கத்தில் ஒரு அரை இஞ்ச் பைப்பின் ஜாயின்ட் கசிந்து சின்னக் குட்டை மாதிரி நின்றது. குருவி அங்கே வந்து வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, விறுவிறுவென்று நடந்துபோய் முட்டைமேல் உட்காரும். குளிக்கிறது என்று நினைத்தேன். ரஃபீக் சிரித்தான். "நஹி பாய், பேட் கீலா கர்தா ஹை. அண்டா தண்டா ரக்னே கே லியே" என்றான். வயிற்றை நனைத்துக்கொண்டு போய் முட்டையைக் குளிர்விக்கிறதாம். நம் ஊரில் சூடு கொடுக்கத்தான் குருவி அடைகாக்கும், இந்த வெயிலில் சூட்டிலிருந்து காப்பாற்றுவதற்காக உட்காருகிறது. சரி என்று கேட்டுக்கொண்டு போய்விட்டேன். அடுத்த வாரம் தண்ணீர் வீணாகிறது என்று ஆபீஸிலிருந்து போன். யோசிக்கவே இல்லை. ஸ்பானரை எடுத்து அந்த ஜாயின்ட்டை இறுக்கிவிட்டு, "கலாஸ்", முடிந்தது என்று ஆபீஸுக்கு மெசேஜ் போட்டேன். கசிவை மூடுவதுதானே இத்தனை வருஷமாக நான் செய்கிற வேலை.

மறுநாள் மத்தியானம் ரஃபீக் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஒரு குருவி காய்ந்துபோன இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, அந்த ஜாயின்ட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. பிறகு பறந்து ரோட்டைத் தாண்டி எங்கோ போயிற்று. முட்டைமேல் இருந்தது வாயைப் பிளந்து, இறக்கையை லேசாக விரித்து, உட்காராமலும் முழுதாக எழாமலும் முட்டைக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்லில் கை வைக்க முடியாத வெயில். அரை மணி நேரம் பார்த்தேன், நகரவில்லை. போனது திரும்பி வரும்போது வயிறு பாதி காய்ந்திருந்தது. "பாய், பானி மாஃபி, பச்சா கலாஸ்" என்றான் ரஃபீக், தண்ணீர் இல்லையென்றால் குஞ்சு இல்லை என்று. அவன் சொல்வதற்குள் நான் ஓடிப்போய் ஜாயின்ட்டைத் தளர்த்தி, அடியில் ஒரு நாற்றுத் தட்டை வைத்துச் சொட்டவிட்டேன். நேற்று காலை குஞ்சு பொரித்தது. நாலில் மூன்று. நாலாவது அப்படியே கிடக்கிறது, அதற்கு நான் காரணமா, இல்லை அது ஆரம்பத்திலிருந்தே கூமுட்டையா என்று யாருக்கும் தெரியாது. ரஃபீக் அல்லா விட்ட வழி என்கிறான். எனக்கு ஆறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கடுத்தது. பொரித்த சில மணி நேரத்தில், ஈரம் காய்ந்ததும், குஞ்சுகள் எழுந்து நடக்கின்றன! பஞ்சுருண்டைக்குக் குச்சிக் கால் வைத்த மாதிரி. நான் டீ கிளாஸோடு உட்கார்ந்து, தாய் தகப்பன் எப்போது புழு கொண்டுவந்து ஊட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது. ஊட்டவே இல்லை. குஞ்சுகள் தாங்களாகவே மண்ணில் எதையோ கொத்தித் தின்கின்றன. "க்யா பாய், கானா நஹி தேதா?" என்று ரஃபீக்கிடம் கேட்டேன். "நஹி. யே கிலாதா நஹி. சிர்ஃப் பாஸ் மே ரெஹ்தா ஹை" என்றான். இது ஊட்டுவதில்லை, பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பார்த்தேன், உண்மைதான். வெயில் ஏறினால் குஞ்சுகள் வந்து வயிற்றுக்கடியில் ஒளிந்துகொள்கின்றன, இல்லையென்றால் பெரிய குருவி நிற்கிற நிழலில் ஒண்டுகின்றன. நிழல் நகர நகர அதுவும் இடம் மாறி நிற்கிறது. ஃபோர்க்லிஃப்ட் வந்தபோது ஒன்று அதன்மேலேயே பாய்ந்து கத்தியது, இன்னொன்று கொடுத்த குரலில் மூன்று குஞ்சும் கல்லோடு கல்லாகப் படுத்துவிட்டன. பெரிய தந்திரம் எதுவும் கிடையாது. புதிதாக எதையும் அவை தூக்கி வருவதில்லை. இருக்கின்றன.

தம்பி, நான் உனக்கு எல்லாம் ஊட்டினேன். லீவுக்கு வரும்போது பெட்டி நிறையக் கொண்டுவந்தேன், வராதபோது ஆள் மூலம் அனுப்பினேன். பால் பவுடர், ரிமோட் கார், ஒளிரும் பூட்ஸ். பக்கத்தில் நிற்கிற ஒன்றைத்தான் செய்யவில்லை. அதற்குப் பயந்து ஓடினவன் நான். நீயும் நாளைக்கு அனுப்புவாய், வீடியோ கால் போடுவாய், இன்னும் நல்ல பொம்மையாக வாங்குவாய். பாப்பா விழுந்தது உன் தப்பு என்று நினைக்கிறாய், இன்னொருதரம் தப்பு நடந்துவிடும் என்று உனக்குப் பயம், அவள் தூரத்தில் இருந்தால் பத்திரமாக இருப்பாள் என்று உன்னையே நம்பவைத்துக்கொள்கிறாய். நானும் அப்படித்தான் நம்பினேன். உன்னிடமிருந்து உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுகூட நினைத்தேன் போலிருக்கிறது, பார், எழுதுவதுகூடக் குழறுகிறது. என்னிடமிருந்து உன்னை.

இதை எழுதுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நந்தினியிடம் சொல் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. நேற்று டூட்டி முடிந்து போனதும், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆட்டோ, டீக்கடை, கையெழுத்துப் போடாத கஃபீல், எல்லாம். அவள் திரும்பவில்லை. இரண்டாவது தண்ணீரை வடித்தாள். "தெரியும்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். "உங்க கூட வேலை பாத்தாரே அந்த எலக்ட்ரீஷியன், அவரு சம்சாரம் லீவுக்கு வந்தப்பவே சொல்லிடுச்சு. எங்களுக்கு அவங்களாவே கூப்ட்டுக் குடுத்தாங்களே, உங்க வீட்டுக்காரரு ஏன் வேணாம்னாருன்னு." ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "என்னன்னு கேக்கறது? ஏங்க எங்களைக் கூப்பிடலன்னா? அதையுமா ஒரு பொம்பள வாய்விட்டுக் கேட்டு வாங்குவா?" அரிசியை அடுப்பில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நான் கேக்கல. இவன்தான் கேட்டான்."

அந்த எலக்ட்ரீஷியன் மனைவி பேசும்போது நீ அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாயாம். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லையாம். விசா வந்து, நீங்கள் இரண்டு பேரும் முதல்முறையாகப் பிளேன் ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டதும் உன் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "அப்பாவுக்கு இப்ப நம்மளப் பிடிச்சிருச்சாம்மா?" என்று கேட்டாயாம். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "போய்ப் பாத்துக்கலாம்னேன்" என்றாள்.

தண்ணீர் குடிக்க ஏன் அனுமதி கேட்டாய் என்று நேற்று சாயங்காலம்தான் எனக்கு விளங்கியது. வந்த இடத்தில் எனக்குப் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று, ஆறு வயதில், ஒரு சொம்புத் தண்ணீருக்குக்கூடப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறாய். நான் அதை மரியாதை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அவளும் சாப்பிடவில்லை. அழுதோம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், எனக்கே நம்பிக்கையில்லை.

நான் நந்தினியிடம் எதுவும் சொல்லமாட்டேன். அந்தக் கவரைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது, உன் அம்மாவும் சொல்லமாட்டாள். சொல்ல வேண்டியது நீ. அவள் கத்துவாள், கத்தட்டும். நாலு நாள் பேசாமல் இருப்பாள், இருக்கட்டும். தெரிந்தும் கேட்காமல் வருஷக்கணக்காக அரிசி களைந்துகொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல், இதை நான் நேற்றுதான் கற்றுக்கொண்டேன். நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். டைப்பிங் சென்டருக்கு உன்னோடு வரவேண்டுமென்றால் வருகிறேன், வேண்டாமென்றால் வெளியே நிற்கிறேன். பாப்பாவைத் தூக்கிப் பழக ஆள் வேண்டுமென்றால் என்னைப் பார்த்துக்கொள், எனக்கும் இன்னும் சரியாக வரவில்லை.

பிளேனில் நீ கேட்டதற்கு உன் அம்மா பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உன்னைப் பிடிக்காமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை, தம்பி. பயந்துபோயிருந்தேன். நீயும் இப்போது பயந்துபோயிருக்கிறாய். உன் பெண்ணுக்கு மூன்று மாதம், இன்னும் கேட்கத் தெரியாது. பயந்துகொண்டே தூக்கு. அனுப்பிவிடாதே.